ஓரமாகப் போகச் சொல்கிறோம், ஓரம் எங்கே? சாலை போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

சாலை போடும் பொறியாளர்களுக்கும் ஒப்பந்ததாரர்களுக்கும் வணக்கம்.

சைக்கிளில் போகிறவர்களுக்கு அறிவுரை சொல்ல நம் ஊரில் ஆள் பஞ்சமே கிடையாது. ஓரமாகப் போ, காதில் ஹெட்போன் மாட்டாதே, ஜோடி போட்டுப் பேசிக்கொண்டு போகாதே, இருட்டினால் லைட் போடு. எல்லாம் சரிதான். நான் வேலை பார்க்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிரேயரில் மைக்கைப் பிடித்து நானும் இதையேதான் சொல்கிறேன். பிள்ளைகளால் செய்ய முடியாத, உங்களால் மட்டுமே முடிகிற ஒன்று இருக்கிறது. தார் முடிந்து மண் தொடங்கும் அந்த விளிம்பு.

புதிதாகத் தார் போட்ட கிராமத்துச் சாலை எதையாவது இறங்கிப் பாருங்கள். பழைய சாலையின் தலையிலேயே இன்னொரு அடுக்கு ஏறியிருக்கும். பக்கத்து மண் இருந்த இடத்திலேயே கிடக்கும். கிராவல் அடித்து ஓரத்தைச் சமமாக்கியிருந்தாலும் இரண்டு மழையில் கரைந்து வாய்க்காலுக்குப் போய்விடும். கடைசியில் மூன்று அங்குலம், நான்கு அங்குலம் என்று ஒரு படி நிற்கும். காரில் போகிறவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடிக்கிறது. பிள்ளை படியை விட்டு மண்ணில் இறங்குகிறாள். இறங்குவதில் பெரிய ஆபத்தில்லை, ஒரு குலுக்கல்தான். கொஞ்ச தூரத்தில் மின்கம்பமோ கருவேலஞ்செடியோ குறுக்கே வரும். மறுபடி தாருக்கு ஏறியாக வேண்டும். அங்கேதான் வினை. சாலையை ஒட்டியே போகிற முன்சக்கரம் படியில் நேராக முட்டி ஏறுவதில்லை, பக்கவாட்டில் உரசிக்கொண்டே போகிறது. ஹேண்டிலை வலது பக்கம் ஒடித்தாலும் சக்கரம் ஏறாது. உடம்பு மட்டும் வலது பக்கம் சாய்ந்துவிடும். கேரியரில் புத்தகப்பை வேறு. விழுவது மண்ணில் இல்லை, தாரில், பின்னால் வருகிற வண்டிக்கு முன்னால். மறுநாள் பேப்பரில் ‘நிலைதடுமாறி விழுந்த மாணவி’ என்று வரும். அந்த நான்கு அங்குலத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

இதற்கு வைத்தியம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் தார்க்கலவையைப் பரப்பும் பேவர் இயந்திரத்தில் ஒரு சின்ன இணைப்பை மாட்டி, தாரின் விளிம்பைச் செங்குத்தாக விடாமல் 30 பாகைச் சரிவாக அழுத்திவிடுகிறார்கள். மண் அரித்துப் போனாலும் சக்கரம் அந்தச் சரிவில் ஏறிவிடும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால், பழைய அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலர் இறையன்பு சொன்னதும் அதைத்தான். வீட்டு வாசல்களைவிடச் சாலை உயர்ந்துவிடக் கூடாது என்ற கவலையில் வந்த உத்தரவு அது. சைக்கிளுக்கும் அதே மருந்துதான்.

டிரைவர்களைத் திட்டி எழுதுவது சுலபம், ஆனால் கணக்கு அவர்கள் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. நம் பக்கத்துச் சாலைகளில் பலவற்றுக்குத் தார் அகலம் ஐந்தரை மீட்டர். எதிரெதிரே இரண்டு பஸ் வந்தால் ஆளுக்கு இரண்டரை மீட்டர் போய்விடும். மிச்சம் அரை மீட்டர், அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்து. சைக்கிளின் ஹேண்டில்பாரே அதைவிட அகலம். ஜெர்மனியில் சைக்கிளை முந்தும் வண்டி ஊருக்குள் ஒன்றரை மீட்டர், வெளியே இரண்டு மீட்டர் விலகிப் போக வேண்டும் என்று 2020 முதல் விதி. இங்கே அதைக் கொண்டுவந்தால் டிரைவர் அந்த ஒன்றரை மீட்டரை எங்கே போய்த் தேடுவார்? மண் ஓரம் தாரோடு சமமாக, இறுகிக் கிடந்தால் மட்டுமே அந்த இடம் கிடைக்கும்.

சாலையோர மழைநீர் வடிகால்மேல் போடும் இரும்புச் சல்லடை மூடிகளையும் சொல்லியாக வேண்டும். கம்பிகள் சாலையின் போக்கிலேயே நீளவாட்டில் இருந்தால் ஒன்றரை அங்குல டயர் நேராக உள்ளே இறங்கிவிடும். குறுக்குவாட்டில் திருப்பி வையுங்கள், செலவே இல்லை.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது. 2001இல் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் பின்னர் அரசுப் பள்ளி மேல்நிலை மாணவர் எல்லாருக்கும் விரிந்தது. சைக்கிளை அரசே கொடுத்து அனுப்புகிறது என்றால், அது ஓடும் இடத்துக்கும் யாராவது பொறுப்பேற்கத்தானே வேண்டும்? 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, வடிவமைப்பிலோ கட்டுமானத்திலோ தரவிதிகளைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் சாலை போட்டவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் உங்களையும் பார்க்கிறது.

டிசம்பரில் எங்கள் பிளஸ் டூ பிள்ளைகள் சிறப்பு வகுப்பு முடிந்து கிளம்ப ஆறரை ஆகிவிடும். எதிரே வருகிற லாரியின் ஹெட்லைட்டில் கண் கூசும்போது தார் எங்கே முடிகிறது என்றே தெரியாது. விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு இருந்தால்கூடப் போதும்.

மொத்தத்தில் நான் கேட்பது இதுதான். பில் பாஸ் பண்ணும் முன் தாரின் கனத்தை அளக்கிற மாதிரி, விளிம்பின் உயரத்தையும் டேப் வைத்து அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதுங்கள். பருவமழை ஓய்ந்ததும் இன்னொரு தடவை வந்து கிராவல் அடியுங்கள். பள்ளிக்கூடம் இருக்கும் சாலைகளில் முதலில்.

இப்படிக்கு,
சைக்கிளில் பள்ளிக்குப் போகும் ஓர் ஆசிரியர்