சீஸ் மஸ்கா விஷயமாகச் செல்விக்கு

செம்பூர், மும்பை
டிசம்பர் கடைசி

அன்பு மகள் செல்விக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம்.

"ஹோட்டல் சீஸ் மஸ்கா, ஒரு ஆளுக்கு அளவு சொல்லுங்கப்பா, பூண்டு போட்டே சொல்லுங்க" என்று நீ அனுப்பிய ஒரு வரி வந்தது. எங்கள் ஹோட்டலில் ரொட்டியில் தடவிச் சுட்ட அந்தச் சீஸ் கலந்த வெண்ணெயைத்தான் கேட்கிறாய். போனில் சொல்லலாம் என்று கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. வேலை இருந்திருக்கும். எழுத்தில் இருந்தால் அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொள்ளலாம் என்று எழுதுகிறேன்.

முதலில் அளவு. ஹோட்டலில் ஒரு கிலோ வெண்ணெய்க்கு அரைக் கிலோ சீஸ். ஹோட்டல் மூடிவிட்டாலும் அந்தக் கணக்கு மாறாது, இரண்டுக்கு ஒன்று. நீ ஒரு ஆளுக்குக் கேட்கிறாய். 100 கிராம் வெண்ணெய்க்குக் கீழே போனால் இது சரியாக வராது தாயி. கிண்ணத்திலும் கரண்டியிலும் ஒட்டுவதே பாதியாகிவிடும், கால் டீஸ்பூன் கடுகுப்பொடியைக் கூறு போட்டால் ருசி தப்பும். அதனால் வெண்ணெய் 100 கிராம், சீஸ் 50 கிராம். அமுல் கியூப் ஒன்று 25 கிராம், இரண்டு எடுத்தால் போதும். ரொட்டித் துண்டு ஒன்றுக்கு 15 கிராம் தடவினால் பத்துத் துண்டு வரும். இரண்டு பேர் காலையில் ஆளுக்கு இரண்டு சாப்பிட்டால் மூன்றாம் நாள் தீர்ந்துவிடும். ஒருத்தர் மட்டும் சாப்பிட்டால் ஐந்து நாள் ஆகும். பூண்டு போட்டதை அவ்வளவு நாள் வைக்கக்கூடாது. அதற்கு என்ன செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன்.

வெண்ணெய் வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் படி. பக்கத்திலேயே அதே மஞ்சள் நிறத்தில் 'டேபிள் ஸ்பிரெட்' என்று ஒன்று அடுக்கியிருப்பார்கள், அது தாவர எண்ணெய். விலை குறைவாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதே. உப்பு வெண்ணெய் 50 கிராம், உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் 50 கிராம் என்று கலந்தால் உத்தமம். முழுக்க உப்பு வெண்ணெய்தான் கிடைத்தது என்றாலும் பாதகமில்லை, தனியாக உப்பை மட்டும் தொடாதே. 100 கிராம் உப்பு வெண்ணெயில் இரண்டு, இரண்டரை கிராம் உப்பு ஏற்கெனவே இருக்கிறது, சீஸிலும் இருக்கிறது. செய்தவுடன் ருசி பார்த்தால் உப்புக் குறைவாகத் தெரியும். மறுநாள் பார், ஏறியிருக்கும்.

சீஸ் சாதாரண பிராசஸ்டு சீஸ்தான். மொசரெல்லா வேண்டாம், நூல் நூலாக இழுக்குமே தவிர அதில் ருசி கிடையாது. செடார் கிடைத்தால் மொத்தத்தையும் அதில் போடாதே. பிராசஸ்டு சீஸில் கொழுப்பையும் தண்ணீரையும் பிடித்துவைக்கிற உப்புகள் சேர்த்திருப்பார்கள், சூட்டில் எண்ணெய் பிரியாது. நாள்பட்ட செடாரில் அது இல்லை, தவாவில் வைத்ததும் எண்ணெய் கக்கும். 35 கிராம் பிராசஸ்டு, 15 கிராம் செடார் என்று போட்டால் கேடில்லை, வாசனையும் தூக்கும். ஹோட்டலில் அந்தப் பதினைந்துக்குக் காலிம்போங் சீஸ் போடுவோம். கொஞ்சம் புளிப்பும் உதிர்கிற தன்மையும் உள்ள சீஸ் அது. டில்லியில் ஐஎன்ஏ மார்க்கெட்டில் சீஸ் கடைகள் உண்டு, விசாரித்துப் பார். தனியாக அவ்வளவு தூரம் அலைய வேண்டாம், யாராவது கூட வந்தால் போ.

இனி கடுகு. கால் டீஸ்பூன் கடுகுப்பொடியை அரை டீஸ்பூன் பச்சைத்தண்ணீரில் குழைத்துப் பத்து நிமிஷம் விட்டுவிடு. கடுகில் இருக்கிற நொதி தண்ணீரோடு சேர்ந்தால்தான் காரம் பிறக்கும். வெந்நீர் ஊற்றினால் நொதி செத்துப்போகும், கசப்புதான் மிஞ்சும். வினிகரையோ சாஸையோ ஊற்றிக் குழைத்தாலும் காரம் ஏறாது. பத்து நிமிஷம் கழித்து மூக்கருகே கொண்டுபோனால் சுருக்கென்று ஏற வேண்டும். அதன் பிறகுதான் வூஸ்டர் சாஸ், அந்தக் கறுப்பான புளிப்புச் சாஸ், அரை டீஸ்பூன். மிளகு புதிதாக இடித்தது கால் டீஸ்பூன், காஷ்மீரி மிளகாய்ப்பொடி இரண்டு சிட்டிகை. மிளகாய்ப்பொடி நிறத்துக்காகத்தான், கூடினால் பாவ் பாஜி வாசனை வந்துவிடும்.

வெண்ணெயின் பதம்தான் இதில் உயிர். 18, 20 டிகிரியில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலில் பளபளப்பு ஒட்டக்கூடாது. இங்கே வெளியே எடுத்துவைத்த அரை மணியில் அந்தப் பதம் வந்துவிடும். டில்லிக் குளிரில் காலையில் எடுத்துவைத்தால் மத்தியானம்கூடக் கல்லாகத்தான் இருக்கும். அதற்காக அடுப்பில் காட்டாதே, மைக்ரோவேவிலும் வைக்காதே. ஓரம் உருகி நடு கல்லாக நிற்கும். ஒரு தடவை உருகிய வெண்ணெய் மறுபடி உறைந்தால் மணல் மணலாகிவிடும், பிறகு எவ்வளவு அடித்தாலும் பழைய பதம் திரும்பாது. சின்னச் சின்னத் துண்டாக நறுக்கித் தட்டில் பரப்பி வை. ஒரு கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றிக் கொட்டிவிட்டு, துடைத்து, அந்தச் சூட்டுக் கிண்ணத்தைத் தட்டின் மேல் கவிழ்த்து ஐந்து நிமிஷம் மூடு. அது போதும். உன் வீட்டில் ஹீட்டர் இருக்கிறதா? அறையை முழுக்கச் சாத்திக்கொண்டு ஹீட்டர் போட்டுத் தூங்காதே, ஒரு ஜன்னல் விரலளவு திறந்திருக்கட்டும்.

சீஸ் நேர்மாறு, அது ஃப்ரிட்ஜிலிருந்து நேரே வர வேண்டும். துருவியின் பொடிக் கண்ணில் துருவு. அறைச்சூட்டில் கிடந்த சீஸ் துருவியில் அப்பிக்கொண்டு உருண்டையாகிவிடும், பிறகு மஸ்காவில் கட்டி கட்டியாக நிற்கும். மிக்ஸி வேண்டவே வேண்டாம். பிளேடு சூட்டில் வெண்ணெய் இளகிவிடும். மரக்கரண்டியால் வெண்ணெயை மட்டும் இரண்டு மூன்று நிமிஷம் அடி. நிறம் ஒரு படி வெளுத்துக் கரண்டியிலிருந்து மெதுவாக வழுக்கி விழும். அப்போது துருவிய சீஸை மூன்று பங்காகப் போட்டு, ஒவ்வொரு பங்கும் மறைந்த பிறகு அடுத்தது. மிளகும் மிளகாய்ப்பொடியும் இதோடு. கடைசியில் கடுகும் சாஸும் கலந்ததைச் சொட்டுச் சொட்டாக விடு. வெண்ணெயிலேயே நூற்றுக்குப் பதினாறு பங்கு வரை தண்ணீர் இருக்கும், மேற்கொண்டு தண்ணீரை அது சீக்கிரம் ஏற்காது. ஒரேயடியாக ஊற்றினால் திரிந்த பால் மாதிரி முத்து முத்தாகப் பிரியும். பிரிந்துவிட்டால் பயப்படாதே. ஒரு ஸ்பூன் குளிர்ந்த வெண்ணெயை வேறு கிண்ணத்தில் குழைத்து, பிரிந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் சேர்த்து அடித்தால் கூடிவரும்.

பூண்டு எல்லாவற்றுக்கும் கடைசி. 'பூண்டு போட்டே' என்று எழுதியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் பிறகு உன் அடுப்படியில் பூண்டே கிடையாதே என்று அம்மா கேட்டாள், நான் ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் தனியாக எடுத்துவைப்பதானால் இந்த இடத்தில் பாதியைப் பிரித்துவிடு, மிச்சத்தில் பூண்டைச் சேர். முழு அளவுக்குச் சின்னப் பல் ஒன்று, பாதிக்கு அரைப் பல். நடுவில் பச்சை முளை இருந்தால் கிள்ளி எறி. கத்தியின் பக்கவாட்டால் பலகையில் தேய்த்து விழுதாக்கு. அப்போதே சேர்த்துவிட வேண்டும், நசுக்கி வெளியே வைத்த பூண்டு நேரமாக ஆகக் கடுக்கும்.

இதை இரண்டு தடவை எழுதுகிறேன், எரிச்சல்படாதே. பச்சைப்பூண்டு போட்ட மஸ்காவை வெளியே வைக்கக்கூடாது. கொழுப்புக்குள் காற்றுப் படாமல் இருக்கிற பூண்டில் விஷக் கிருமி வளரும், வாசனையிலோ ருசியிலோ தெரியாது. குளிர்காலம்தானே என்று மேடையில் விட்டுவிடாதே. ஃப்ரிட்ஜில் நாலு நாள், அதற்கு மேல் இல்லை. ஒருத்தருக்கு என்றால் செய்த அன்றே பாதியைப் பட்டர் பேப்பரில் விரல் கனத்துக்கு உருட்டி, இரண்டு முனையும் முறுக்கி ஃப்ரீசரில் போடு. ஒரு மாதம் தாங்கும். வேண்டியபோது கத்தியை வெந்நீரில் முக்கி வில்லையாக வெட்டு.

செய்த அன்றே தொடாதே, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். கடுகும் பூண்டும் கொழுப்பில் இறங்க அவ்வளவு நேரம் வேண்டும்.

ரொட்டிக்கு வா. பாக்கெட் ஸ்லைஸ் மெல்லிசு, சொதசொதத்துப் போகும். பேக்கரியில் வெட்டாத லோஃப் வாங்கி ஒரு இஞ்சு கனத்துக்கு நீயே வெட்டு. முந்தின நாள் ரொட்டி இன்னும் நல்லது. ஒரு பக்கம் மட்டும் விளிம்பு வரை தடவு. விளிம்பில் படாத இடம் தீயும். தவா சூடேறுமுன் தடவிய பக்கம் கீழே இருக்க வை, தீ சிம்மில். மூடி போடாதே, ஆவியில் ரொட்டி நமத்துப்போகும். முதலில் வெண்ணெய் இறங்கும், சத்தம் வரும். சத்தம் அடங்கி ஓரத்தில் சீஸ் பழுப்பாகத் தெரியும்போது, மூன்று நாலு நிமிஷத்தில், மெல்லிசான தோசைத் திருப்பியால் ஒரே இழுப்பில் எடு. முன்னாலேயே கிளப்பினால் மொறுமொறுப்பு முழுக்கத் தவாவில் ஒட்டிக்கொள்ளும். மறுபக்கத்தைச் சுட வேண்டாம். ஹோட்டலில் அதுதான் விசேஷம், மேலே மொறுமொறுப்பு, கீழே பஞ்சு. சூப்போ முட்டையோ ஏதாவது கூட இருக்கட்டும். வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டு ஆபீசுக்கு ஓடாதே. ராத்திரிச் சாப்பாட்டுக்கும் இதையே வைத்துக்கொள்ளாதே.

ஆபீசில் இருபது பேரை மேய்க்கிறவளுக்குச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உன் கையளவு என் கையளவைவிடத் துல்லியம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறவன் நான்தான். ஆனால் தீபாவளிக்குப் பிறகு அம்மாவிடம் நீ நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசவில்லை. அது நன்றாக இல்லை. என்னிடம் பேசாவிட்டாலும் அவளிடம் பேசு.

சித்தி மகள் கல்யாணம் தை மாதம், வள்ளியூரில். பத்திரிகையில் உங்கள் இருவர் பெயரும் போட்டிருக்கிறார்கள். டிக்கெட் இப்போதே போட்டால்தான் கிடைக்கும். எத்தனை போடட்டும் என்று தம்பி கேட்கிறான், அவனிடம் நீயே சொல்லிவிடு. எத்தனையானாலும் சரி.

கடுகுப்பொடி ஒரு டப்பா, பட்டர் பேப்பர் ஒரு சுருள், அந்த மெல்லிசுத் திருப்பி மூன்றையும் கட்டிவைத்திருக்கிறேன். ஸ்பீட் போஸ்ட்டில் போட வேண்டும். முகவரி பழையதுதானா என்று பின்கோடோடு எழுதி அனுப்பு.

அன்புடன்
அப்பா