50 ஓம் போட்டுப் பார்த்து வாங்கு

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. மகள் டிப்ளமோவில், அதுவும் எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்துவிட்டாள் என்றதும் இங்கே வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். உன் முட்டிவலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காலம் தள்ளாதே, டாக்டரைப் பார்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அவளுக்குப் பழைய ஃபங்ஷன் ஜெனரேட்டர், அதாவது சைன், சதுரம், முக்கோணம் என்று சோதனைக்கான அலைகளைத் தரும் கருவி, வாங்கித் தரலாமா? தாராளமாக. ஆனால் கடையில் எப்படிப் பார்த்து வாங்குகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. நானும் சமீபத்தில் இங்கே சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் ஒன்று வாங்கி, அதோடு மல்லுக்கட்டி இப்போதுதான் முடித்தேன்.

தெரு நீ பார்த்த மாதிரி இல்லை. எங்கு திரும்பினாலும் சிசிடிவி கேமராவும் மொபைல் உதிரிப் பாகமும்தான். பழைய கருவி வேண்டுமென்றால் சந்துக்குள் நுழைந்து விசாரிக்க வேண்டும். "ஒர்க்கிங் கண்டிஷன் சார்" என்றார் கடைக்காரர். விளக்கு எரிகிறது என்று அதற்கு அர்த்தம். அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் போட்டும் காட்டினார், சைன் அலை அம்சமாக வந்தது. அவுட்புட்டிலிருந்து கரண்ட் இழுக்க லோடு எதுவும் கிடையாது, அலையும் ஒரு வோல்ட்தான். அப்படி வைத்தால் எந்த ஜெனரேட்டரும் நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். இது தெரிந்தேதான் வாங்கினேன், விலை அவ்வளவு மலிவு.

வீட்டில் 1 கிலோஹெர்ட்ஸில் வைத்து, அவுட்புட்டில் 50 ஓம் லோடு மாட்டியதும் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது. உள்ளேயும் 50 ஓம் இருப்பதால் அலையின் உயரம் பாதியாகும், அது இயல்பு. உருவம் மாறக்கூடாது. இங்கே மேல்பாதி உருண்டையாக இருக்க, கீழ்ப்பாதி கத்தியால் சீவினாற்போல் தட்டை. ஸ்கோப் புரோபை ஒருமுறை காலிபரேஷன் முனையில் வைத்துச் சரிபார்த்தேன். அலையை மொத்தமாக மேலோ கீழோ நகர்த்தும் ஆஃப்செட் குமிழும் ஆஃபில்தான் இருந்தது. அதை யாரோ திருப்பிவிட்டுப் போனதை ரிப்பேர் என்று தூக்கிக்கொண்டு அலைகிறவர்கள் உண்டு.

அப்புறம் முக்கோண அலைக்கு மாற்றினேன். அதுவும் கீழே தட்டை. இந்தக் கருவிகளில் முக்கோணத்தை டயோடு வரிசையால் வளைத்துத்தான் சைன் ஆக்குகிறார்கள். சைன் மட்டும் கெட்டிருந்தால் அந்த டயோடு பகுதியைப் பார்க்கலாம். இரண்டும் கெட்டால் கோளாறு பெரும்பாலும் அதற்குப் பின்னால். அலையின் உயரத்தை மாற்றும் ஆம்ப்ளிட்யூட் குமிழைக் குறைத்தால் தட்டை மறைந்தது. குமிழைப் பழைய இடத்தில் வைத்து அலையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் 20 டெசிபல் அட்டெனுவேட்டரை அழுத்தினால் அலை சிறுத்தது, தட்டை அப்படியே இருந்தது. குமிழ் அவுட்புட் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், அட்டெனுவேட்டர் அதற்குப் பின்னால். ஆக, ஒன்று ஆம்ப்ளிஃபயர், இல்லாவிட்டால் அதற்குப் போகும் சப்ளை.

எனக்கு இதில் பிடித்த வேலை ஒன்று உண்டு. ஸ்கோப்பின் டிரிகரை லைனுக்கு மாற்றி, அதாவது திரையில் கோடு வீட்டு மின்சாரத்தின் தாளத்துக்கே தொடங்கும்படி வைத்து, ஸ்வீப்பைக் கட்டத்துக்கு 5 மில்லிசெகண்டாக இறக்கினேன். அலை ஒரு பட்டையாகிவிடும். அந்தப் பட்டையின் மேல் ஓரம் நேர்கோடு. கீழ் ஓரம் மேடும் பள்ளமுமாக, 10 மில்லிசெகண்டுக்கு ஒன்று வீதம், ஆடாமல் அசையாமல் நின்றது. 10 மில்லிசெகண்ட் என்றால் 100 ஹெர்ட்ஸ், நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ரெக்டிஃபை செய்து டிசி ஆக்கினால் வருவது. மைனஸ் பக்க சப்ளைதான் நொண்டுகிறது என்று அங்கேயே தெரிந்துவிட்டது. மீட்டர் வைத்தால் பிளஸ் பக்கம் சரியாக 15 வோல்ட், மைனஸ் பக்கம் 13.

மைனஸ் பக்கத்தில் 15 வோல்ட்டை நிலையாக வைத்திருப்பது 7915 ரெகுலேட்டர். அதற்குள் குறைந்தது 17 வோல்ட்டாவது போனால்தான் 15 வெளியே வரும். முன்னால் இருந்த ஃபில்டர் கெப்பாசிட்டர், ஹீட் சிங்க்கை ஒட்டியே உட்கார்ந்து, உள்ளே காய்ந்து போயிருந்தது. 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி என்பது இவற்றுக்கு ஒரு தோராயக் கணக்கு. சென்னை மே மாதத்தை நினைத்துக்கொள். இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். உன் மகள் என்றாவது 7915-ஐ மாற்ற நேர்ந்தால் சொல்லி வை: கால்களின் வரிசை பிளஸ் பக்கத்துக்கான 7815 மாதிரி இல்லை, முதுகுத் தகடும் கிரவுண்ட் இல்லை, இன்புட். நடுவில் மின்சாரம் கடத்தாத மைக்காத் தகடு இல்லாமல் ஹீட் சிங்க்கில் திருகினால் புகைதான்.

இவ்வளவுக்கும் பிறகு லோடு போட்டால் கீழே இன்னும் லேசாக ஒரு வெட்டு. அவுட்புட் டிரான்சிஸ்டரின் எமிட்டரில் 10 ஓம் ரெசிஸ்டர் ஒன்று கருகி 40-ஐத் தாண்டியிருந்தது. ஏதோ லேபில் யாரோ அவுட்புட்டுக்குள்ளேயே வோல்டேஜைச் செலுத்தியிருக்க வேண்டும். அதை மாற்றியதும் சரியானது. உள்ளே அளவு சரிசெய்யும் சின்னத் திருகுகளான பிரீசெட்டுகளைக் கடைசிவரை தொடவில்லை. சப்ளை சரியாகாமல் அவற்றைத் திருகுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

இன்னொன்று. உன் ஆம்ப்ளிஃபயரின் டிஸ்டார்ஷனையும், அதாவது அது அலையின் உருவத்தை எவ்வளவு கெடுக்கிறது என்பதையும், இதிலேயே அளக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். முடியாது. இந்த மாதிரி அனலாக் ஜெனரேட்டர் சைனிலேயே ஒரு சதவீதத்துக்குப் பக்கத்தில் டிஸ்டார்ஷன் இருக்கும், ஆம்ப்ளிஃபயரின் 0.1 சதவீதத்தை எங்கே பார்ப்பது? அதற்குச் சுத்தமான சைனைத் தரும் வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டர் வேண்டும். ஹெச்பி கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹியூலெட் 1930-களின் கடைசியில் 200ஏ என்ற ஆசிலேட்டரில் செய்தாரே, சின்ன பல்ப் இழை சூடேறினால் ரெசிஸ்டன்ஸ் கூடும், அதை வைத்தே அலையின் உயரத்தைக் கட்டிப்போட்டார். அதை நீயே வீட்டில் செய்யலாம், சர்க்யூட் வரைந்து அனுப்புகிறேன்.

வாங்க வரும்போது 100 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் இரண்டைப் பேரலலாகச் சேர்த்து, ஜெனரேட்டரின் அவுட்புட்டில் மாட்டும் பிஎன்சி பிளக் ஒன்றில் சால்டர் செய்து பையில் போட்டுக்கொண்டு வா. கடையிலேயே மாட்டி, குமிழை முழுதும் திருப்பி, மூன்று அலையையும் பார்த்துவிடலாம். சனிக்கிழமையாகப் பார்த்து வா, ஞாயிறு முக்கால்வாசிக் கடை அடைத்திருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கிப் போன் பண்ணு, நானும் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழன்