மாசி 15-க்குள் வைக்கோல் வாங்கியாக வேண்டும்: ஊர்க் கோசாலைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

நம் கோசாலையில் இன்று 38 உருப்படிகள் நிற்கின்றன. உழவுக்கு ஆகாத காங்கேயம் எருதுகள் 11, பால் வற்றிய மாடுகள் 9, எருமைகள் 2, ஜெர்சிக் காளைக் கன்றுகள் 16. கொரங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டில், கொழுக்கட்டைப் புல் காய்ந்து தரை தெரிகிறது. கையிருப்புச் சோளத்தட்டு மாசி முடியும்வரை தாங்காது.

தாராபுரம் பக்கம் நெல் அறுத்த வயல்களில் வைக்கோல் உருளை கட்டிப் போட்டிருக்கிறார்கள். லாரி வாடகை சேர்த்து உருளை 190 ரூபாய் என்று பேசியிருக்கிறோம். மாசி 15 (பிப்ரவரி 27) வரைதான் அந்த விலை. நாளுக்கு 13 உருளை, நான்கு மாதத்துக்கு 1,560 உருளை, ஆக 2,96,400 ரூபாய். கையில் இருப்பது 1,05,000. துண்டு விழுவது 1,91,400 ரூபாய்.

மோட்டார் வருவதற்கு முன் இந்த ஊர்க் கிணறுகளில் கவலை பூட்டித் தண்ணீர் இறைத்தவை காங்கேயம் எருதுகள். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நம் ஊர் ஜோடிகள் நடந்தே போகும். காங்கேயம் மாடு வளர்ப்பில் பேர்போன பழையகோட்டைப் பட்டக்காரர் தொழுவத்துப் பொலிகாளையின் வழி வந்த கன்று என்று தலை நிமிர்ந்து விலை பேசியவர்கள் இன்றும் நம் திண்ணைகளில் இருக்கிறார்கள். செவலையாகப் பிறந்த கன்று ஆறாம் மாதம் நிறம் மாறுவதைப் பார்த்தே, இது மயிலையா (சாம்பல் நிறம்) காரியா (கருப்பு) என்று சொல்லிவிடுவார்கள். அப்படிப்பட்ட ஒரு பெரியவர்தான் கிளுவை வேலி போட்ட நான்கு ஏக்கரைக் கோசாலைக்கு எழுதி வைத்தார். மாடுகள் உடம்பை உரசிக்கொள்ள நட்ட, முப்பத்திரண்டு அறங்களில் ஒன்றான ஆவுரிஞ்சுகல் அந்தக் காட்டு நடுவில் இன்றும் நிற்கிறது. மாடுகள் உரசி உரசி அதன் ஒரு பக்கம் கண்ணாடி போல வழவழத்துக் கிடக்கிறது.

எருதுகளில் மூத்ததற்குக் கடைப்பல்லும் தேய்ந்துவிட்டது. கழுத்தில் நுகத்தடிக் காய்ப்பு உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறது. தட்டை நறுக்கித் தவிட்டுத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தால்தான் இறங்கும்.

கன்றுகளின் கதை வேறு. சினை ஊசியில் பிறந்தது கிடேரி என்றால் வீட்டுக்கு லட்சுமி. காளை என்றால் குடிக்கிற பால் நஷ்டம், ஏர் கட்டவும் ஆள் இல்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு ராத்திரி, தொப்புள்கொடி காயாத கன்று ஒன்றைப் பிள்ளையார் கோயில் வேம்பில் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விடியற்காலையில் பார்த்தபோது கத்தக்கூடத் தெம்பில்லாமல் கயிற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. கட்டியவர் யாரென்று ஊருக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டோம். அவரும் இதைப் படிப்பார்.

இதுவரை தாங்கியவர்களை மறக்க முடியாது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் மாதம் ஆளுக்கு 100 ரூபாய் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு சம்பளத்தில்கூட அது தவறியதில்லை. செக்குக்காரர் புண்ணாக்கைப் பாதி விலைக்குத் தருகிறார். மாடுகளுக்குத் தோல் கழலை நோய் வந்தபோது கால்நடை மருத்துவர் ராத்திரி பகல் பார்க்காமல் வந்தார், ஊசி மருந்துக்கு மட்டும்தான் பணம் வாங்கினார். நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா பட்டிப் பொங்கலன்று (மாட்டுப் பொங்கல்) முந்தானை முடிச்சை அவிழ்த்து 500 ரூபாய் வைத்தார். அத்தனை பேருக்கும் அந்த வாயில்லா ஜீவன்களின் சார்பில் கை கூப்புகிறோம். நீங்கள் கொடுத்ததை அந்த மகாலட்சுமி பன்மடங்காகத் திருப்பித் தருவாள்.

ஆடிப்பெருக்கன்று சபையில் எழுந்து சொல்லி நோட்டில் எழுதிய தொகையில் 42,000 ரூபாய் இன்னும் வரவில்லை. வீடு கட்டியவர்களும் கார் எடுத்தவர்களும் அதில் இருக்கிறார்கள். பட்டிப் பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் பூசிப் படம் பிடித்துப் போட்டோமே, அந்தக் கொம்புக்குக் கீழே ஒரு வயிறு இருக்கிறது. உங்கள் தாத்தா ஓட்டிய எருதுக்கு நீங்கள் பட்ட கடன் இது.

ஓர் உருளை 190 ரூபாய். ஒரு நாள் தீவனம் 2,470 ரூபாய். பிறந்த நாள், திதி, கல்யாண நாள் எதுவானாலும் அந்த நாளை உங்கள் பேரில் எழுதிக்கொள்கிறோம். மாரியம்மன் கோயிலில் சாயங்காலம் ரசீதுப் புத்தகத்தோடு குழுவினர் இருப்பார்கள். பணம் முடியாதவர்கள் லாரி வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு உருளை இறக்க வாருங்கள். காபி, இட்லி உண்டு.

இப்படிக்கு,
கோசாலைக் குழுவினர்