கயிற்றைப் பிடிப்பவர்களுக்கு ஒரு மடல்

அந்தமானின் ஸ்வராஜ் தீவில் ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் இறங்கும் டைவிங்) மையம் நடத்துவோருக்கும், அங்கே பயிற்றுநர்களாக இருப்போருக்கும்,

வணக்கம்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் கடலில் முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முத்துக் குளித்த காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊர்ப் பெரியவர்கள் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றைத் தோணியில் நின்று பிடிக்கிறவன் அவனுடைய மச்சினனாக இருக்க வேண்டுமாம். உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது, அதனால் அவன் கை அசராது என்பார்கள்.

கடந்த பிப்ரவரியில் என் அக்கா குடும்பத்தை உங்கள் தீவுக்கு அழைத்து வந்தேன். அத்தானைக் கடலுக்குள் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. 2019இல் ஹேவ்லாக்கில்தான் (உங்கள் தீவின் பழைய பெயர், எனக்கு இன்னும் அதுதான் வாயில் வருகிறது) டைவிங் கற்றேன். நீருக்கடியில் என் மூச்சின் சத்தத்தை முதன்முதலில் கேட்டது நீமோ ரீஃப் என்ற பவளத்திட்டில், நெஞ்சளவுத் தண்ணீரிலிருந்து மெல்ல இறங்கிப்போனபோது. கடல் சாமந்திக்குள் ஒரு கோமாளி மீன் என் விரலை முட்டி முட்டித் துரத்தியது. அந்த அரை மணி நேரத்தை எனக்குப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

அத்தானுக்கு வயது 48. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார். சின்ன வயதிலிருந்து இளைப்பு (ஆஸ்துமா) உண்டு. மார்கழிப் பனியில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போகமாட்டார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்று காலை என் புத்தியில் அது இல்லை. நான் வேறொரு படகில் டிக்சன்ஸ் பினாக்கிள் என்ற டைவிங் இடத்துக்குப் போகக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மையத்தில் அத்தான் கையில் உடல்நலக் கேள்விகள் அடங்கிய ஒரு தாளைக் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம். பின்னால் இரண்டு குடும்பங்கள் காத்திருந்தன, டைவிங் உடைகளை அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் இருந்தவர், "எல்லாத்துக்கும் நோ போட்டுட்டு கீழே சைன் பண்ணிடுங்க சார்" என்று கைகாட்டினார். அத்தான் அப்படியே செய்தார். பிறகு இந்தியில் பத்து நிமிட விளக்கம். அவருக்குப் பாதி புரிந்தது. கட்டைவிரலை உயர்த்தினால் 'சூப்பர்' என்று அர்த்தமில்லை, 'மேலே போகணும்' என்று அர்த்தம் என்பதை மட்டும் அக்கா மகள் இரண்டு மூன்று தடவை தமிழில் சொல்லி அவர் மனதில் பதிய வைத்திருக்கிறாள்.

ஐந்து மீட்டர் ஆழத்தில் அவருக்கு மூச்சு முட்டியது. சிலிண்டர் காற்று ஈரமில்லாத காற்று. இளைப்புக்காரர்களின் மூச்சுக் குழாயை அதுவே சுருங்க வைக்கக்கூடும். அவர் வாயிலிருந்த ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) பிடுங்கப் பார்த்தார். பிறகு கட்டைவிரலை உயர்த்தினார், உயர்த்திக்கொண்டே இருந்தார். அவரோடு இறங்கிய பயிற்றுநர், அந்தமானின் மாயாபந்தர் பக்கத்துக் கரேன் இனத்து இளைஞர், ஒரு கையால் ரெகுலேட்டரை அவர் வாயோடு அழுத்திப் பிடித்து, மறு கையால் சிலிண்டரைப் பற்றி, அவசரமே படாமல் மேலே கொண்டுவந்தார். வழி நெடுக அவர் கண்ணுக்கு நேரே, மூச்சை விடு, மூச்சை விடு என்று கைகாட்டிக்கொண்டே வந்தாராம். அந்தத் தம்பி மேல் எனக்கு ஒரு சொல் குறை இல்லை. அன்று எங்கள் வீட்டுக் கயிற்றைப் பிடித்தவர் அவர்தான். நான் இருக்க வேண்டிய இடத்தில் அவர் இருந்தார்.

கரைக்கு வந்தபின் அத்தான் ஒரு மணி நேரம் இருமினார். இன்ஹேலர் அடித்தபிறகு அடங்கியது. இரவு அறையில் கேட்டேன், ஏன் அத்தான் இளைப்பைச் சொல்லவில்லை என்று. "சொன்னா இறங்க விடமாட்டாங்க மாப்ள. கட்டின காசும் திரும்ப வராதுன்னு ரசீதுலயே போட்டிருந்துச்சே. புள்ளைக முகத்தைப் பார்த்தேன், எழுத மனசு வரலை" என்றார்.

எந்த மையம் என்று சொல்லப் போவதில்லை. அது ஒரு மையத்தின் பழக்கம் மட்டும் இல்லை என்பதும், மறுநாள் படகுத்துறையில் ஊருக்குத் திரும்பக் காத்திருந்தவர்களிடம் பேசியபோது தெரிந்தது.

அந்தத் தாளை நான் பிறகு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். முன்பு நானே இரண்டு தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. 2020இல் திருத்தி எழுதப்பட்ட பத்துக் கேள்விகள், நல்ல கேள்விகள். நுரையீரல், இதயக் கோளாறு உண்டா? வயது 45க்கு மேலா? 14 நிமிடத்தில் 1.6 கிலோமீட்டர் நடப்பதோ, நிற்காமல் 200 மீட்டர் நீந்துவதோ சிரமமா? காது, சைனஸ் தொல்லை, வலிப்பு, மயக்கம், சர்க்கரை, கடந்த ஓராண்டில் அறுவை சிகிச்சை, தினமும் சாப்பிடும் மாத்திரை. 45க்கு மேல் என்றால் அடுத்து இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம், நெருங்கிய உறவில் 50 வயதுக்குள் மாரடைப்பு வந்ததா என்று ஒரு பட்டியல் தொடர்கிறது. நம் ஊரில் ஐம்பதை நெருங்கும் எத்தனை ஆண்கள் இதில் ஒன்றுக்குக்கூட 'ஆம்' போடாமல் தப்புவார்கள்? 'ஆம்' போட்டால் கடல் மூடிவிடும் என்பதும் இல்லை. மருத்துவர் பார்த்துச் சம்மதித்தால் இறங்கலாம். அந்தத் தாள் கேட்பது அவ்வளவுதான்.

சிக்கல் அங்கேதான். காலை ஐந்தரை மணிக்கு, தீவின் கடற்கரையில், அத்தான் எந்த மருத்துவரிடம் போவார்? முன்பணத்தை நீங்கள் வாங்கியது அவர் தூத்துக்குடியில் இருந்தபோது, ஒன்றரை மாதம் முன்னால். அன்றைக்கே இந்தத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் தெருமுனை டாக்டரிடமே காட்டியிருப்பார். அவர் நெஞ்சில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு, போங்க என்றோ, வேண்டாம் என்றோ சொல்லியிருப்பார். வேண்டாம் என்றிருந்தால் கண்ணாடி அடித்தளப் படகில் போயிருப்போம். அக்காவுக்கு அதுதான் பிடித்தும் இருந்தது.

நான் உங்களிடம் முதன்மையாகக் கேட்பது இதைத்தான்: பணம் வாங்கும் அன்றே படிவம் போகட்டும். ஆங்கிலத்தில் மட்டும் வேண்டாம். தமிழ், தெலுங்கு, வங்காளம், இந்தி என்று, உங்கள் பதிவேட்டில் எந்த ஊர்க்காரர்கள் அதிகமோ அவர்கள் மொழியில் போகட்டும். விளம்பரத்துக்கும் விலைப்பட்டியலுக்கும் எங்கள் மொழி உங்களுக்குக் கிடைக்கிறது. சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பறப்பு. உங்களிடம் வரும் கூட்டத்தில் தமிழ்நாட்டு ஆட்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

அடுத்தது பணம். மருத்துவக் காரணம் சொல்லிப் பின்வாங்குகிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். முடியாதென்றால் ஸ்நார்க்கலிங்குக்கோ (குழாய் வழியே மூச்சுவிட்டு நீர்மட்டத்தில் நீந்துவது) படகுச் சவாரிக்கோ மாற்றிக் கொடுங்கள். 'திரும்ப வராது' என்று ரசீதில் இருக்கும் வரை, படிவத்தில் உண்மை வராது. ஆளுக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்த ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தகப்பன் என்ன எழுதுவார் என்பதை நான் நேரில் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று, பெண்களைப் பற்றியது. கர்ப்பமாக இருந்தாலோ, குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்தாலோ கடலுக்குள் இறங்க வேண்டாம் என்று அதே தாளில் குறிப்பு இருக்கிறது. உங்கள் தீவு முழுக்கப் புதுமணத் தம்பதிகள். தை மாதத்தில் கல்யாணம் முடித்து மாசியில் வந்து நிற்கும் ஒரு பெண்ணிடம், கணவனும் நான்கு அந்நிய ஆண்களும் நிற்கும் மேசையில், இந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் வரும்? நாள் தள்ளிப்போயிருக்கிறது என்பதை அவள் இன்னும் அவனிடமே சொல்லியிருக்க மாட்டாள். ஒரு பெண் ஊழியர் தனியே அழைத்து, இரண்டு நிமிடம், அவளுக்குப் புரியும் மொழியில் கேட்கட்டும். ஆண்களையும் தனியாகவே கேளுங்கள். மாமனார் வீட்டார் முன்னால் வலிப்பு வரும் என்று ஒப்புக்கொள்ளும் மாப்பிள்ளையை நான் கண்டதில்லை.

12 மீட்டருக்குள்தானே இறக்குகிறோம், அதில் என்ன ஆகிவிடும் என்று என்னிடமே ஒருவர் சொன்னார். காற்றின் கொள்ளளவு மிக வேகமாக மாறுவது அந்த முதல் சில மீட்டர்களில்தான் என்பது உங்கள் பாடப்புத்தகத்தின் தொடக்கப் பாடம். 10 மீட்டரில் நுரையீரலில் உள்ள காற்று, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் இரு மடங்காகும். ஐந்து மீட்டரிலிருந்து வந்தாலே ஒன்றரை மடங்கு. இளைப்பில் சளி அடைத்த மூச்சுக்குழாய்க்குப் பின்னால் சிக்கிய காற்றுக்கு வெளியேற வழி இல்லை. அது நுரையீரலைக் கிழித்து இரத்தத்தில் குமிழாகப் புகுந்தால் மூளை வரை போகும். அதற்கு வைத்தியம் அழுத்த அறை. அது இருப்பது ஸ்ரீ விஜயபுரத்தில் (பழைய போர்ட் பிளேர்), கடற்படை மருத்துவமனையில். உங்கள் கரைக்கும் அதற்கும் இடையில் வேகப் படகிலேயே ஒன்றரை மணி நேரக் கடல். இருட்டிவிட்டால் வழக்கமான படகும் இல்லை. பெருநகரத்தில் ஒரு தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கலாம். உங்கள் தீவில் கிடைக்காது.

பயண ஏற்பாட்டாளர்கள் கடைசி நாள் காலையில் டைவ் வைத்து, மாலையில் விமானம் ஏற்றும் திட்டங்களையும் பார்த்தேன். ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரமும், பல டைவ் என்றால் 18 மணி நேரமும் பறக்காமல் இருக்க வேண்டும் என்பதை நீங்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். திரும்பும் விமானம் எப்போது என்ற கேள்வியையும் அந்தப் படிவத்தின் அடியில் சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் ஏற்கெனவே ஒழுங்காகச் செய்யும் மையங்கள் உங்கள் நடுவில் உண்டு. எனக்குக் கற்றுக்கொடுத்தது அப்படி ஒரு மையம். சளி பிடித்திருந்த ஒரே காரணத்துக்காக என்னை இரண்டு நாள் கரையில் உட்கார வைத்தார்கள். மகுவா மரத்தடியில் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் காது வலிக்காமல் இறங்கியபோதுதான் அவர்கள் எனக்குச் செய்த நன்மை புரிந்தது.

வரும் ஜனவரியில் மறுபடி வருகிறோம். அத்தான் கரையில் இருப்பார். அவருடைய மருத்துவர் சொல்லிவிட்டார். அக்கா மகளுக்குப் பதினான்கு வயது, அவள் இறங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். இந்த முறை நான் வேறு படகில் போகமாட்டேன், அவள் கூடவே இருப்பேன். அவளுக்கான படிவத்தை இப்போதே அனுப்புங்கள். தமிழில் இல்லையென்றால் சொல்லுங்கள், மொழிபெயர்த்துத் தருகிறேன். காசு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
தூத்துக்குடியிலிருந்து ஒரு மச்சினன்