பின்பக்க லேபிளில் நான்கு வரி: ரம் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரம் வடிப்பவர்களுக்கும், பல நாட்டு ரம்மைக் கலந்து பாட்டிலில் அடைத்து விற்பவர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பாட்டிலுக்குள் என்ன இருக்கிறதோ அதை லேபிளில் எழுதுங்கள். எவ்வளவு சர்க்கரை சேர்த்தீர்கள், கலவையில் உள்ள மிக இளைய ரம்மின் வயது என்ன, எந்த நாட்டில் எவ்வகை வடிகலனில் வடித்தது, பீப்பாயில் எங்கே கிடந்தது. இதற்கு நான்கு வரி போதும். கடற்கொள்ளையர் கதையும் பாய்மரக் கப்பல் படமும் இருக்கட்டும். அவற்றுக்குக் கீழே இந்த நான்கு வரிக்கும் இடம் கொடுங்கள்.

ரம்மைச் சுவைத்துப் பார்க்க ஒருவர் எடுத்துக்கொள்ளும் அக்கறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். அடி அகன்று வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பையில் ஒரு விரற்கடை ஊற்றுகிறார். ஐஸ் போடுவதில்லை, குளிர்ந்தால் மணம் அடங்கிவிடும். ஊற்றியதைச் சில நிமிடம் காற்றாட விடுகிறார். பிறகு கோப்பையை மூக்குக்குள் திணிக்காமல் முகவாயருகே பிடித்து, வாயைச் சற்றே திறந்தபடி முகர்கிறார். இப்படிச் செய்தால் ஆல்கஹாலின் நெடி ஏறாது, மணம் மட்டும் வரும். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறிலிருந்துதான் சுவையைக் கணக்கில் எடுப்பார். ரம்மின் வீரியம் 50 சதவீதத்தைத் தாண்டியிருந்தால் சில துளி தண்ணீர் விட்டு மீண்டும் முகர்வார். கோப்பை காலியான பிறகும் அடியில் தங்கிய மணத்தை ஒருமுறை பார்ப்பார்.

இந்தப் பொறுமைக்கு ரம் முழுத் தகுதி உடையது. மார்த்தினிக் தீவில் கரும்புச் சாற்றை நேரே நொதிக்கவைத்து வடிக்கும் ரம்மில் பசும்புல்லும், தோல் சீவிய கரும்பின் பச்சை வாசமும் எழும். ஜமைக்காவில் நீண்ட நாள் நொதிக்கவிட்டு, பழ மணம் தரும் எஸ்டர் என்ற சேர்மங்கள் மிகும்படி வடித்த ரம்மில் தோல் கருத்த வாழைப்பழமும் அன்னாசியும் அறையையே நிறைக்கும். அதனோடு வார்னிஷ் போன்ற நெடி ஒன்றும் வரும், பழகியவர்கள் அதற்காகவே தேடிப் போவார்கள். கயானாவின் டெமராரா ஆற்றங்கரையில் மரத்தால் ஆன பழைய வடிகலன்கள் இன்றும் வேலை செய்கின்றன. அவற்றின் ரம்மில் சோம்பும் அதிமதுரமும் கலந்த கனத்த மணம் உண்டு. இந்த வேறுபாடுகளைக் கண்டுகொள்வதுதான் ரம் பருகுவதன் பெரிய இன்பம். லேபிளில் சொல்லாமல் சேர்த்த சர்க்கரை அந்த இன்பத்தைத்தான் கெடுக்கிறது.

வடித்து இறக்கிய ரம்மில் சர்க்கரை கிடையாது. மொலாசஸிலோ (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்பாகு) கரும்புச் சாற்றிலோ இருந்த சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். மிச்சம் ஆவியாகாமல் வடிகலனின் அடியிலேயே தங்கிவிடும். ஓக் பீப்பாய் வெனிலா மணம் தரும், இனிப்பது போன்ற ஓர் உணர்வையும் தரும். ஆனால் உதட்டில் ஒட்டும் பிசுபிசுப்பைப் பீப்பாயால் தர முடியாது. அது பின்னால் கலந்த சர்க்கரை. அந்தச் சர்க்கரை ஆல்கஹாலின் காரத்தை மழுக்குகிறது, மரத்தின் துவர்ப்பை மூடுகிறது, விழுங்கிய பின் நெடுநேரம் நிற்க வேண்டிய சுவையைக் குறுக்கிவிடுகிறது. சில ஆண்டே ஆன ரம் முதிர்ந்த ரம்மைப் போல வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. புதிதாகப் பருகத் தொடங்கியவர் அந்த வழவழப்பையே முதிர்ச்சி என்று நம்பிவிடுகிறார். அவருக்கு, எதுவும் சேர்க்காமல் பத்தாண்டுக்கு மேல் பீப்பாயில் வைத்த பார்படோஸ் ரம்மை ஊற்றிக் கொடுங்கள். வறட்சியாக இருக்கிறது என்று கோப்பையைத் தள்ளிவைப்பார். எனக்குப் பொறுக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான். கலப்பில்லாமல் வடித்தவரின் பல்லாண்டு உழைப்பு, கலந்து மறைத்தவரின் சர்க்கரையிடம் தோற்றுப்போகிறது.

இனிப்பு கூடாது என்பதில்லை. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் சேராவிட்டால் டைக்கிரி என்ற ரம் கலவைப் பானம் ஏது? மார்த்தினிக்கின் டி பஞ்ச் என்ற ரம் பானத்திலும் கரும்புப் பாகு உண்டு. அங்கே கலக்குபவருக்கு அளவு தெரியும். லிட்டருக்கு 20 கிராம் சர்க்கரையோடு வந்த ரம் என்று அறியாமல் வழக்கமான அளவுப் பாகைச் சேர்த்தால் பானம் திகட்டிவிடும். இனிப்பான ரம்தான் பிடிக்கும் என்பவர் அதையே வாங்கி மகிழட்டும், தெரிந்து வாங்கட்டும். உடல்நலம் கருதிச் சர்க்கரையைக் கணக்குப் பார்ப்பவர்களுக்கும் இதே தகவல் தேவைப்படுகிறது.

சட்டம் கேட்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, ரம்முக்கு லிட்டருக்கு 20 கிராம் வரை இனிப்பூட்ட இடம் தருகிறது; சேர்த்த அளவை லேபிளில் சொல்லும்படி கட்டாயப்படுத்தவில்லை. அதனால் 19 கிராம் சேர்த்த ரம்மும் ஒன்றுமே சேர்க்காத ரம்மும் ஒரே பெயரோடு ஒரே அலமாரியில் நிற்கின்றன. ஆனால் சுவீடனிலும் பின்லாந்திலும் அரசின் மதுக்கடை நிறுவனங்கள் தாங்கள் விற்கும் மது வகைகளின் சர்க்கரை அளவை வெளியிடுகின்றன. ஆர்வலர்கள் வீட்டிலேயே ஹைட்ரோமீட்டர் என்ற அடர்த்தி அளக்கும் கருவியை ரம்மில் மிதக்கவிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். சர்க்கரை திரவத்தின் அடர்த்தியைக் கூட்டுவதால் கருவி ஆல்கஹாலைக் குறைத்துக் காட்டும். 40 சதவீதம் என்று அச்சிட்ட ரம் 35 காட்டினால் லிட்டருக்கு ஏறத்தாழ 20 கிராம் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வாங்கியவர் சமையலறையில் அளந்துவிடக்கூடியதை விற்பவர் ஏன் மறைக்க வேண்டும்?

வயதைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே ஒழுங்குவிதியின்படி ரம்மின் வயதைக் குறிப்பிட்டால், அது கலவையின் மிக இளைய ரம்மின் வயதாக இருக்க வேண்டும். உங்களில் சிலர் 'ஆண்டு' என்ற சொல்லை விட்டுவிட்டுப் பெரிய எண்ணை மட்டும் அச்சிடுகிறீர்கள், பக்கத்தில் 'சொலேரா' (பல வயது ரம்களைப் பீப்பாய்களில் படிப்படியாகக் கலக்கும் முறை) என்று போடுகிறீர்கள். பார்ப்பவர் அதை வயது என்றே படிக்கிறார். அப்படிப் படிப்பார் என்று உங்களுக்கும் தெரியும். வயதோடு இடமும் வேண்டும். கரீபியன் வெப்பத்தில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 6 சதவீதமோ அதற்கு மேலோ ஆவியாகிவிடும். ஸ்காட்லாந்தின் குளிரில் அது 2 சதவீதமளவே. ஆகவே இரண்டு இடத்திலும் பத்தாண்டு கிடந்த ரம்கள் ஒன்றல்ல.

நிறத்தை நம்பி ஒன்றும் அறிய முடியாது. கருமை, கருக்கிய சர்க்கரையான கேராமலால் வரலாம்; வெண்மை, முதிர்ந்த ரம்மைக் கரியில் வடிகட்டியதால் வரலாம். 'வெள்ளை, பொன், கருப்பு' என்று பிரிப்பதைவிட, பார்படோஸின் ரம் வடிப்பாளர் ரிச்சர்ட் சீலும் இத்தாலியின் ரம் வணிகர் லூக்கா கார்கானோவும் முன்வைத்த பிரிவுமுறை எவ்வளவோ மேல். அது தொகுதி தொகுதியாக வடிக்கும் பானை வடிகலனா, இடைவிடாமல் வடிக்கும் தூண் வடிகலனா, ஒரே வடிசாலையில் இரண்டும் கலந்ததா என்பதைப் பார்க்கிறது. கோப்பையில் என்ன மணம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு அந்த ஒரு வரி உதவும்.

உங்களில் சிலர் வடித்த ஆண்டு, பாட்டிலில் அடைத்த ஆண்டு, கலன், பீப்பாய் என எல்லாவற்றையும் ஏற்கெனவே அச்சிடுகிறீர்கள். உங்களுக்கு என் நன்றி. உங்கள் பாட்டில்களைத்தான் நண்பர்களுக்கு முதலில் ஊற்றிக் கொடுக்கிறேன். மற்றவர்கள் அடுத்த முறை லேபிள் அச்சடிக்கும்போது சர்க்கரை அளவிலிருந்தாவது தொடங்குங்கள். எதுவும் சேர்க்கவில்லை என்றால் 'லிட்டருக்கு 0 கிராம்' என்றே போடுங்கள்.

இப்படிக்கு,
ரம்மை விரும்பிப் பருகும் ஒருவர்