பிளாட்டினம் மோதிரத்தில் மஞ்சள் பட்டை: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: அளவு கூட்டித் தந்த பிளாட்டினம் 950 (95 சதவீதம் பிளாட்டினம்) மோதிரத்தைச் சரிசெய்து தரக் கோருதல்

மதிப்பிற்குரிய ஐயா,

உங்கள் கடையில் வாங்கிய என் கல்யாண மோதிரம் இறுக்கமாகிவிட்டதால் அளவு கூட்டக் கொடுத்தேன். பிளாட்டினம் துண்டு சேர்த்ததாகச் சொல்லி, செய்கூலி, சேதாரம் எல்லாம் போட்டுப் பணம் வாங்கினீர்கள். சில மாதத்திலேயே உள்ளங்கைப் பக்கம் மஞ்சளாக ஒரு பட்டை தெரிய ஆரம்பித்தது. பிளாட்டினம் மஞ்சளாகாது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

உங்கள் சேவை மையத்தில் இருந்தவர் மோதிரத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "உங்க வேர்வை வாகு அப்படி மேடம், சில பேர் கையில எந்த நகையும் நிக்காது" என்று வரிசையில் நின்றவர்கள் காதில் விழும்படி சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஐயா, நான் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். பிளாட்டினத்தைக் கரைக்க மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம் வேண்டும், அதையும் சூடாக்க வேண்டும். என் வேர்வைக்கு அந்தச் சக்தி இருந்தால் முதலில் என் விரல்தான் போயிருக்கும்.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி செல்சியஸ் வேண்டும். தங்கத்துக்கு 1,064 போதும். தங்க வேலைக்கான சாதாரண கேஸ் சுடரில் பிளாட்டினம் அசையாது. ஆக்ஸிஜன்-ஹைட்ரஜன் போன்ற கடும் சூட்டுச் சுடரோ லேசர் வெல்டிங்கோ வேண்டும். உங்கள் பட்டறையில் வெள்ளைத் தங்கத் துண்டை (வேறு உலோகம் கலந்து வெளுப்பாக்கிய தங்கம், உள்ளுக்குள் லேசாக மஞ்சளடிக்கும்) வைத்து, தங்கப் பொடி (பற்றவைக்கும் உலோகக் கலவை) போட்டு ஊதி ஒட்டிவிட்டு, மேலே ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தை முலாமாகப் பூசி மறைத்திருக்கிறார்கள். அந்தப் பூச்சு ஒரு மைக்ரான்கூட இருக்காது. தேய்ந்ததும் குட்டு வெளிப்பட்டுவிட்டது.

அப்புறம் போனில் பேசிய பெண், "ரோடியம் பிளாட்டினத்தைவிட விலை ஜாஸ்தி, உங்களுக்கு இலவசமாகவே மறுபடி போட்டுத் தர்றோம்" என்றார். விலை ஜாஸ்திதான். 2021இல் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரைத் தொடும் அளவுக்குப் போனது, கார் புகைக்குழாய் வினையூக்கிக்கு அது அவ்வளவு தேவைப்பட்டதால். ஆனால் ஒரு மோதிரத்தில் ஒட்டுவது சில மில்லிகிராம். நான் பணம் கொடுத்தது பிளாட்டினத்துக்கு, அதன் மேலுள்ள பூச்சுக்கு அல்ல.

ஆசாரி சனிக்கிழமை இருப்பார் என்று நீங்களே சொன்னீர்கள். விடுப்பு எடுத்து, கொட்டும் மழையில் வந்தால், அவர் ஊருக்குப் போய்விட்டாராம். ஒரு போன் பண்ணிச் சொல்ல ஆளில்லை. அன்றைக்கும் அந்த வேர்வை மனிதர்தான் உட்கார்ந்திருந்தார், சிரித்தார்! வீடு வந்து சேர்வதற்குள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வருகிறது. எது தீர்ந்தது?

இந்த மோதிரத்தை இனி எந்தக் கடையும் ஒரு ரூபாய்க்குக்கூட எடுக்காது. என் கல்யாண ஞாபகத்தையே பாழாக்கிவிட்டீர்கள். தங்கத்துக்கு இருப்பதுபோல் பிளாட்டினத்துக்குக் கட்டாய ஹால்மார்க் இல்லை என்ற தைரியம்தானே?

சரி, கோபத்தை விட்டுவிட்டுக் கேட்கிறேன். இவ்வளவு பெயர் எடுத்த நிறுவனம், நியாயமாக நடப்பீர்கள் என்றே இன்னமும் நம்புகிறேன். மறுபடி முலாம் வேண்டாம். அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, 950 தரப் பிளாட்டினத்தையே வைத்து லேசரில் ஒட்டி, என்ன உலோகம் எவ்வளவு எடை என்று எழுத்தில் தாருங்கள். அன்று வாங்கிய கூலியைத் திருப்பித் தாருங்கள். வேர்வை பற்றிப் பேசியவர் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

15 நாளில் எழுத்துப்பூர்வப் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவேன். பில்லோடும் படங்களோடும் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கும் போவேன். மோதிரம் என்னிடமே இருக்கும். ரசீது எழுதித் தராமல் இனி அதை உங்கள் கையில் கொடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பில் நகல், படங்கள் இணைப்பு)