தாய் என்ன சாப்பிட்டாள் என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏழை நாடுகளின் பச்சிளங்குழந்தை இறப்பு குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். இன்குபேட்டர், செயற்கை சுவாசம், தீவிர சிகிச்சைப் பிரிவு என்று விரிவாக எழுதியிருந்தார்கள். எல்லாம் தேவைதான். ஆனால், எடை குறைந்து பிறந்த அந்தக் குழந்தையைச் சுமந்தவள் வயிறார சாப்பிட்டாளா என்ற கேள்வி கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை.

மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா நாட்டில் கெனெபா என்றொரு கிராமம் உண்டு. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர்கள் 1949 முதல் அந்த வட்டாரத்து மக்களின் உடல்நலத்தைக் கவனித்து வருகிறார்கள். அங்கே மழைக்காலம்தான் பசிக்காலம். பழைய தானியம் தீர்ந்திருக்கும், புதிய விளைச்சல் வீடு வந்திருக்காது. வயல் வேலை உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். நெல் சாகுபடி அங்கே பெரும்பாலும் பெண்கள் பொறுப்பு என்பதால் பிள்ளைத்தாய்ச்சியும் சேற்றில் இறங்கியாக வேண்டும். போதாததற்கு மலேரியா வேறு. அந்த மாதங்களில் பிறக்கும் குழந்தைகளின் எடை குறைவதில் வியப்பில்லை.

28 கிராமங்களில் ஐந்தாண்டுகள் ஓர் ஆய்வு நடந்தது. வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் கலந்த பிஸ்கட்டுகளை, ஐந்தாம் மாதவாக்கிலிருந்து நாளுக்கு இரண்டு வீதம் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1,000 கலோரி. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1997-இல் முடிவு வெளியானது. குழந்தைகளின் பிறப்பு எடை சராசரியாக 136 கிராம் கூடியிருந்தது. பசிக்காலத்தில் மட்டும் பார்த்தால் 201 கிராம். இறந்து பிறப்பதும் முதல் வாரத்துக்குள் இறப்பதும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன.

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. பிஸ்கட்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவில்லை. மருத்துவச்சியின் கண்ணெதிரிலேயே சாப்பிட வைத்தார்கள். கிராம சுகாதார செவிலியராக நான் வேலை பார்த்த ஊர்களில், கர்ப்பிணிக்கென்று கொடுக்கும் சத்துமாவுப் பொட்டலம் வீட்டுக்குப் போனதும் மூத்த பிள்ளைக்கு இரண்டு உருண்டை, மாமியாருக்கு ஒரு டம்ளர் கஞ்சி என்று கரைந்துவிடும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததே இல்லை. பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தத் தாய்தான் தனியாகச் சாப்பிடுவாள்? பொட்டலம் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, பலன் இல்லை என்று கைவிரிப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒப்பீட்டுக்காகத் தேர்ந்தெடுத்த ஊர்களில் பிரசவத்துக்குப் பிறகுதான் பிஸ்கட் கொடுத்தார்கள். அந்தத் தாய்மார்களை நினைத்தால் மனம் கனக்கிறது. அவர்கள் காத்திருந்து கிடைத்த உண்மை இது. ஆனாலும், ஊட்டக்குறை மிகுந்த பகுதிகளில் கர்ப்பிணிகளுக்கு ஆற்றலும் புரதமும் சேர்ந்த கூடுதல் உணவு தரலாம் என்ற பரிந்துரை உலக சுகாதார நிறுவனத்தின் கர்ப்பகால வழிகாட்டியில் இடம்பெற்றது 2016-இல்தான்.

அடுத்த முறை தங்கள் செய்தியாளர் இப்படியொரு மருத்துவமனைக்குப் போனால், தீவிர சிகிச்சைப் பிரிவைப் பார்த்த கையோடு தாயின் கட்டில் அருகிலும் சிறிது நேரம் உட்காரட்டும். கர்ப்பகாலத்தில் என்ன சாப்பிட்டாள், எந்த மாதம்வரை வயலுக்குப் போனாள், கொடுத்த ஊட்ட உணவு அவள் வயிற்றுக்குப் போனதா என்று கேட்டு, அதையும் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
சிவகங்கை மாவட்டம்.